வாங்குகிறவரின் முகம்

இல்லாத வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்கிறோம். அதை வாங்குவதற்கு அந்த வீடு எத்தனை பேர் முன்னால், எத்தனை முறை தன் இல்லாமையைச் சொல்ல வேண்டியிருந்தது என்ற கணக்கை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் பெரிதாகப் படுகிறது. பசி ஒரு வேளைச் சோற்றில் அடங்கிவிடும். அந்தச் சோற்றுக்காகக் கூனிக் குறுகி நின்றது ஆயுளுக்கும் மறக்காது. ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்த திருவள்ளுவர், இரப்பதற்கு ஒன்றும் இரக்க அஞ்சுவதற்கு ஒன்றுமாகப் பிறகு இரண்டு அதிகாரங்கள் வைத்தார். கொடுக்கிறவனைப் பற்றிப் பேசியது போதாது, கேட்க நேர்கிறவனின் உள்ளத்தையும் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே ஏழைக் குடும்பங்களுக்கு ஊரோ அரசோ செய்யும் எந்த உதவியையும் நான் ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். அதை வாங்கிக்கொண்டு வருகிறவர், வழியில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் பையை மறைத்துக்கொள்வாரா?

ரேஷன் பையை நம் ஊரில் யாரும் மறைப்பதில்லை. கடை திறக்கும் முன்பே பைகளையும் கல்லையும் வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, ‘இன்னைக்கு அரிசி போடுறாங்களா, பாமாயில் வந்திருச்சா’ என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொள்வார்கள். கட்டட வேலைக்குப் போகிற பெண்ணும், ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டம்மாவும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னவருக்கு அது அன்றாடச் சோறு, பின்னவருக்கு இட்லிக்கு ஊறவைக்கும் அரிசி. எதற்கு வாங்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த வரிசை தானாக அமைந்துவிடவில்லை. 1997-ல் மத்திய அரசு பொது விநியோகத் திட்டத்தில் மக்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர், மேலே உள்ளவர் என்று பிரித்தபோது, பல மாநிலங்கள் அதன்படி பட்டியல் எடுத்தன. தமிழ்நாடு பிரிக்க மறுத்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், அட்டைகளில் முன்னுரிமை உள்ளது, இல்லாதது என்று குறியீடு அச்சானதே தவிர அரிசி எல்லோருக்கும் தொடர்ந்தது. கூடுதல் செலவை மாநிலம் ஏற்றுக்கொண்டது. 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்கு விலையும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விலகிக்கொள்ளும் வழி. அரிசி தேவையில்லை என்கிறவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்ளலாம். பொருளே வேண்டாம், அடையாளத்துக்கு அட்டை இருந்தால் போதும் என்கிறவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதாவது, ‘எனக்குத் தேவையில்லை’ என்று சொல்லும் பொறுப்பு இருக்கிறவர் மீது விழுகிறது. அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு சிறுமையும் இல்லை. ‘எனக்கு இல்லை, நான் ஏழை’ என்று ஏழை நிரூபிக்க வேண்டியதில்லை. உதவித் திட்டங்களை வகுக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. அரிசியில் வாடை அடித்தால் கூலிக்காரப் பெண் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவாள்; நாளைக்கு இதே கடைக்குத்தான் வர வேண்டும் என்ற பயம் அவளுக்கு. வாத்தியார் வீட்டில் அப்படி விடமாட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு போவார்கள். அந்த மனுவால் அரிசி மாறினால் இரண்டு வீட்டுக்கும் மாறுகிறது. ஏழைக்கென்று தனியாக ஒதுக்கிய எதுவும் நாளடைவில் தரம் கெட்டுப்போவதற்குக் காரணம், அதைப் பற்றி உரத்துப் பேசக்கூடியவர் யாரும் அந்த வரிசையில் இல்லாமல் போவதே.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்கிறவர்கள் சொல்வது பொய்யில்லை. ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது. எல்லைச் சோதனைச் சாவடிகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது. சில வீடுகளில் மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. தேவையில்லாதவருக்குக் கொடுப்பது பொதுப்பணத்துக்கு நட்டம் என்பது நியாயமான கவலை. ஆனால் இந்தத் தவறுக்கு எதிர்த் தவறு ஒன்று இருக்கிறது. 2017-ல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டுக் கேட்டே உயிர் விட்டாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எதனால் இறந்தாள் என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும்; தேவையுள்ள வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது என்பதில் வாதமில்லை. வேண்டாதவருக்குப் போன அரிசியை ஒரு கணக்கில் எழுதிச் சரிசெய்யலாம். வேண்டியவருக்குப் போகாத அரிசியை எந்தக் கணக்கில் எழுதுவது? இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டுமென்றால், முதல் தவறைச் செய்யும் சமூகத்தில் வாழவே நான் விரும்புவேன்.

நம்மிடமும் அந்த ஆபத்து இல்லாமலில்லை. விரல் ரேகை வைக்கும் இயந்திரம் நம் கடைகளுக்கும் வந்துவிட்டது. கரும்பு வெட்டியும் சிமென்ட் கலவை அள்ளியும் தேய்ந்த விரல்கள்தான் முதலில் பதியாமல் போகும். ஒரு முதியவர் அந்த விரலைத் துணியில் துடைத்து, மறுபடி வைத்து, அடுத்த விரலை வைத்து, பின்னால் வரிசை சலித்துக்கொள்ளும்போது அவர் முகம் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

பள்ளிக்கூடச் சோற்றின் வரலாற்றிலும் இதே நூல் ஓடுகிறது. 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் வரம்பு. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அப்போது அது ஏழைப் பிள்ளைகளுக்கு என்றே பேசப்பட்டது. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்த, அரிசி, காய்கறி, பலகை, கட்டடம் என்று ஊரார் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். பிறகு வந்த சீருடைக்கும் இதில் இடம் உண்டு: தட்டில் சோறு ஒன்றாக இருந்தாலும் உடம்பில் கிழிசல் தெரிந்தால் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு வந்துவிடும். 1982 ஜூலை 1-ல் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, அந்தச் சோற்றை லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு விரித்தது. சிறு வயதில் பசித்த வீட்டிலிருந்து வந்தவர் அவர். செலவு தாங்காது என்று சொன்னவர்களுக்குத் தன் பசியையே பதிலாகச் சொன்னார்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவு தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளுக்குப் போனது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. எந்தப் பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் வந்தது என்று டீச்சர் கேட்பதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லோருக்கும் தட்டு. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்கே அந்த வேலை என்று விதி வைத்தார்கள். விடியும் முன்பே அடுப்பு மூட்டி, ரவையைச் சிவக்காமல் வறுத்து, சாம்பாரில் கேரட்டும் பீன்ஸும் நறுக்கிப் போட்டு இறக்குகிற பெண்ணுக்கு, அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பது பயனாளிகள் இல்லை. தன் பிள்ளையும் அதன் கூட்டாளிகளும். உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் பார்க்கும் விதமே வேறு.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டையும் நம் மனக்கோணல் கெடுத்துவிடும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர்ப் பள்ளியில், சமைப்பவர் பட்டியலினப் பெண் என்று சொல்லிச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அந்தப் பெண் சமைத்ததைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பெற்றோரிடம் பேசினார், எச்சரித்தார். சரிதான். ஆனால் எத்தனை ஊருக்கு ஆட்சியர் போய் உட்கார முடியும்? தட்டையும் அடுப்பையும் ரவையையும் அரசு கொடுத்துவிடும். பக்கத்தில் உட்காரும் மனத்தை அரசாணையில் எழுதி அனுப்ப முடியாது. அது வீட்டில் அம்மா அப்பா வாயிலிருந்து பிள்ளைக்குப் போக வேண்டியது. உதவித் திட்டம் என்பது அரசின் வேலை, நாம் வரி கட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அரசு இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே நம்மிடம் நல்ல முறைகள் இருந்தன. வள்ளலார் 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வருகிறவர் என்ன சாதி, என்ன மதம், உண்மையிலேயே பசியா என்று வாசலில் விசாரணை இல்லை. அந்த அடுப்பு மூட்டி ஒன்பது ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. பஞ்ச நிவாரண முகாம்களில் பிரிட்டிஷ் அரசு கூலியாட்களை வேலை வாங்கிச் சோற்றை அளவு குறைத்துப் போட்ட அதே காலத்தில், கேட்காமல் போடும் ஓர் அடுப்பும் இந்த மண்ணில் எரிந்துகொண்டிருந்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ரமலான் மாதத்து மாலைகளில் பள்ளிவாசல் வாசலைப் பாருங்கள். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் பலர் வேறு மதத்துக்காரர்கள். கஞ்சி தெருவுக்கே பொதுவாகிவிடுகிறது. ஏழை வீட்டு வாளி எது, பக்கத்து மாடி வீட்டு வாளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோயில் அன்னதானப் பந்தியிலும் அப்படித்தான். பிரசாதம் என்ற எண்ணத்தில் காரில் வந்தவரும் உட்காருகிறார், பசியோடு வந்தவரும் உட்காருகிறார். வசதியானவர் அந்தப் பந்தியில் உட்காருவதே பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் ஒரு மரியாதை. அதைவிட்டு எழுந்து, இலை போடும் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் பந்தி கெட்டுவிடும்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய்விருந்தை இதற்கு நேர் எதிராகப் பார்க்க வேண்டும். அங்கே தானமே கிடையாது. பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் மேசை நாற்காலி வைத்து எழுதுகிறவர்கள் உட்காருகிறார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது நோட்டில் ஏறுகிறது. வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது பழைய கணக்கைத் தீர்த்து, மேலே புதுநடை என்று கூடுதல் தொகை வைக்கிறார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க, ஆழ்குழாய்க் கிணறு போட, கடை வைக்க என்று ஒரு குடும்பத்துக்கு வட்டியில்லாமல் முதல் கிடைக்கிறது. எல்லோரும் கொடுக்கிறவர், எல்லோரும் வாங்குகிறவர் என்பதால் யாரும் தலை குனிவதில்லை. நம் மக்கள் தாங்களே அமைத்துக்கொண்ட மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடுகளில் ஒன்று என்று இதை மதிக்கிறேன். ஆனால் அதன் எல்லையும் கண்ணுக்குத் தெரிகிறது. திருப்பிச் செய்ய வக்கில்லாத கைம்பெண்ணின் பெயர் அந்த நோட்டில் ஏறாது. ஏறினால் அதுவே கடனாகி அவளை அழுத்தும். அங்கேதான் திருப்பிக் கேட்காத கை ஒன்று வேண்டியிருக்கிறது. அது பொதுப்பணத்தின் கை.

தனி மனிதர்களாக நாம் கொடுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வந்தாலும், ஊரடங்கு வந்தாலும், நம் ஊரில் கொடுக்கிற மனசுக்குக் குறைவில்லை. குறை, கொடுக்கும்போது எடுக்கிற படத்தில் இருக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு பெண்ணின் கையில் வைத்துவிட்டு, ‘இங்கே பாரும்மா’ என்று அவள் முகத்தைத் திருப்பச் சொல்கிறோம். அவள் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் அந்தப் படத்தை அன்று மாலையே கைபேசியில் பார்ப்பார்கள். படம் இல்லாவிட்டால் நன்கொடையாளர்கள் நம்பமாட்டார்கள் என்பார்கள். மூட்டையைப் படம் எடுங்கள், கடை ரசீதைப் படம் எடுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். பள்ளியில் ஃபீஸ் கட்ட உதவினால், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்துக் கைதட்டச் செய்யாதீர்கள். அலுவலகத்தில் ரசீது போட்டால் வேலை முடிந்தது. தெருமுனை மளிகைக் கடையில் எந்த வீட்டுக் கடன் நோட்டு நிறைந்துகொண்டே போகிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். பெயர் கேட்காமல் ஒரு தொகையை அவரிடம் கொடுத்து, ‘நீங்களே பார்த்து வரவு வச்சுக்கங்க அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யார் கொடுத்தார் என்று வாங்கியவருக்குத் தெரியாது, யாருக்குப் போனது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. பெரிய அறக்கட்டளைகள் பலவற்றைவிட அந்தச் செயல் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, பட்டியல் போட்டே தீர வேண்டிய இடங்கள். பணமாகக் கொடுக்கும்போது எல்லோருக்கும் கொடுக்க அரசிடம் நிதி இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பெண்கள் மனுப் போட்டார்கள். 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நஞ்சை ஐந்து ஏக்கருக்குள் அல்லது புஞ்சை பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று அளவுகோல் வைத்தார்கள். அளவுகோல் தெளிவாக இருந்தது நல்லது. ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடுகிற வளவு வீட்டில், மின்கணக்கு யாருடைய வசதியைக் காட்டும்? பக்கத்து வீட்டுக்குப் பணம் ஏறிய குறுஞ்செய்தி வந்து தனக்கு வராதபோது, ஒரு பெண் இ-சேவை மையத்தில் போய் நிற்கிறாள். ஏன் இல்லை என்பதற்குப் புரியும்படி பதில் கிடைத்தால் மேல்முறையீடு செய்வாள். கிடைக்காவிட்டால், ‘நமக்கு விதிச்சது அவ்வளவுதான்’ என்று திரும்பிவிடுவாள். மறுக்கும் எந்த மனுவுக்கும் காரணத்தை ஒரே வரியில், தெளிந்த தமிழில் சொல்லிவிட வேண்டும். மறுக்கப்பட்டவருக்கும் அந்த அளவு மரியாதை உரியது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது முதியோர் உதவித்தொகை. ஊரில் அதை ‘ஓ.ஏ.பி. பணம்’ என்பார்கள். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இதில் 80 வயதுக்குக் கீழுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். மீதியை மாநிலம் போடுகிறது. தொகையைப் பற்றி வேறு இடத்தில் பேசலாம். அதற்கு ஒரு கிழவி கொடுக்கும் விலை வேறு. ஆதரவற்றவர் என்று வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துச் சொல்ல வேண்டும். ‘மகன் இருக்கானா? எங்க இருக்கான்? பணம் அனுப்புறானா? நீ தனியா ஆக்கித் தின்கிறியா?’ திண்ணையில் நாலு பேர் இருக்கும்போதே கேள்வி வருகிறது. ஊரில் எவ்வளவு கஷ்டப்பட்டாலும், ‘என் மகன் என்னை நல்லா வச்சிருக்கான்’ என்று சொல்லிச் சொல்லியே மானத்தைக் காத்து வந்தவள் அவள். இப்போது அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே உடைத்தால்தான் பணம். உடைக்க மனமில்லாமல் மனுவைப் போடாமலே இருந்துவிட்ட கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வயதை ஆதார் காட்டுகிறது, சொத்தைக் கணினி காட்டுகிறது. மகன் கைவிட்டானா என்ற கேள்வியை அந்த விசாரணையிலிருந்தே எடுத்துவிட்டால் அரசுக்குக் கொஞ்சம் செலவு கூடும். கூடட்டும் என்கிறேன். எடுக்கும்வரை, அதைத் திண்ணையில் கேட்காமல் வீட்டுக்குள் போய்த் தனியாகக் கேட்கும் பண்பாவது வேண்டும்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, கிராம சபை கூடுகிறது. வசதியான வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது கேட்க வேண்டியிருக்கிற ஏழைகள். நிலம் உள்ளவர், ஓய்வூதியம் வாங்குகிறவர், ஊரில் பேச்சுக்கு மதிப்புள்ளவர் போய் உட்கார வேண்டும். தெருவில் யாருக்கு அட்டை இல்லை, யாருக்குப் பணம் நின்றுபோனது என்பதை முன்னதாகவே அவரவர் வீட்டில் தனியாகக் கேட்டு, பெயர்களை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கையில் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் ஒரு பெயரும் சொல்லத் தேவையில்லை. எத்தனை மனு நிலுவையில் இருக்கிறது, என்ன காரணம், எந்தத் தேதிக்குள் முடியும் என்று மட்டும் எழுந்து கேட்டு, அந்தப் பதிலைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரி நோட்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.